குறிப்பிட்ட ஒரு நாட்டில் தயாரானதைத் தவிர்த்து ஷூ வாங்குவது எப்படி?

ஒரு நாட்டில் செய்த ஷூ வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். காரணம் அரசியலாக இருக்கலாம், தொழிலாளர் நிலைமையாக இருக்கலாம், வேறு ஒரு நாட்டுத் தொழிலுக்குக் கைகொடுக்கும் விருப்பமாகவும் இருக்கலாம். அதற்குள் நான் போகப்போவதில்லை. முடிவெடுப்பது எளிது, கடைப்பிடிப்பதுதான் பாடு. ஒரே மாடல் மூன்று நாடுகளில் தயாராகும். இணையப் பக்கத்தில் நாட்டின் பெயரே இருக்காது. கடையில் கேட்டால் விற்பவருக்கும் தெரியாது. இதில் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன், நீங்களாவது அலையாமல் இருக்கலாம்.

எடுத்துக்காட்டுக்குச் சீனாவை வைத்துக்கொள்கிறேன். உலகில் தயாராகும் காலணிகளில் பாதிக்கு மேல் அங்கே தயாராவதால், அதைத் தவிர்ப்பதுதான் இருப்பதிலேயே கடினம். நீங்கள் தவிர்க்க நினைப்பது வேறு நாடென்றால் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வழி இதேதான்.

1. எதைத் தவிர்க்கிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள்

"அந்த நாட்டுத் தயாரிப்பு வேண்டாம்" என்பது ஒரே முடிவு போலத் தெரியும். உள்ளே நான்கு தனித்தனி முடிவுகள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் தேடப் போனால், ஒவ்வொரு ஷூவிலும் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் சலித்துப்போய்க் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

முதலாவது, ஷூ முழு உருவம் பெற்ற தொழிற்சாலை எந்த நாட்டில் இருக்கிறது என்பது. லேபிளில் வருவது இது மட்டும்தான்.

இரண்டாவது, உதிரிகள். சோலுக்கான ஃபோம், மெஷ் துணி, லேஸ், லேஸ் கோக்கும் வளையம், பசை என்று ஒரு ஸ்னீக்கருக்குள் பத்து இருபது பொருள்கள் போகின்றன. வியட்நாம் தொழிற்சாலைகளே மூலப்பொருளில் பெரும் பங்கைச் சீனாவிலிருந்துதான் வரவழைக்கின்றன. இந்த மட்டத்தில் முழுக்கத் தவிர்க்க நினைத்தால், பெரிய பிராண்டு ஸ்னீக்கர் எதையும் வாங்க முடியாது.

மூன்றாவது, தொழிற்சாலையின் முதலாளி. வியட்நாமிலும் இந்தோனேஷியாவிலும் பெரிய பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுக்கும் போ சென், ஃபெங் டாய் இரண்டும் தைவான் நிறுவனங்கள். அதே வியட்நாமில் பல ஆலைகள் வைத்திருக்கும் ஹுவாலி சீனாவின் ஜோங்ஷான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. லேபிளில் வியட்நாம் என்றிருந்தாலும் லாபம் எங்கே போகிறது என்பது வேறு கேள்வி.

நான்காவது, பிராண்டின் முதலாளி. பிரான்ஸில் பிறந்த சாலமன் என்ற ஷூ பிராண்டு, ஆமர் ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆமரை 2019-ல் வாங்கிய கூட்டுக்குத் தலைமை தாங்கியது சீனாவின் ஆன்டா நிறுவனம். பிரிட்டனின் பழைய பிராண்டான க்ளார்க்ஸின் பெரும்பான்மைப் பங்கு 2021-ல் ஹாங்காங் முதலீட்டாளர்களிடம் போனது.

என் யோசனை: முதல் மட்டத்தைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதை வேண்டுமானால் சேருங்கள், ஒரு தேடலில் தெரிந்துவிடும். மூன்றாவது பொறுமை உள்ளவர்களுக்கு. இரண்டாவதை விட்டுவிடுங்கள். பிடிவாதமாக இருந்தால், ஒரே பட்டறையில் தோல் வெட்டுவது முதல் சோல் ஒட்டுவது வரை செய்யும் சிறு தயாரிப்பாளரைத் தேடிப் போக வேண்டும், அவரிடமும் நூலும் பசையும் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும். முடிவை ஒரு வரியில் எழுதிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது மனம் மாறுவதற்கு ஆயிரம் காரணம் கிடைக்கும்.

2. லேபிள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

ஷூவின் மேற்பகுதியைத் தொழிலில் அப்பர் என்பார்கள். அப்பரை வெட்டித் தைப்பதுதான் ஆள்பலம் அதிகம் தேவைப்படும் வேலை, அதனால் கூலி குறைந்த இடத்துக்குப் போகும். தைத்த அப்பரைக் கால் வடிவ அச்சில் இழுத்துச் சோலோடு இணைப்பது வேறு நாட்டில் நடக்கலாம். அப்படி நடந்தால் லேபிளில் எந்த நாடு வரும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிப்படி, பொதுவாக இணைத்த நாடுதான். ஆனால் உள் சோலோ வேறு சோல் பாகமோ ஏற்கெனவே பொருத்தப்பட்ட நிலையில் அப்பர் வந்திறங்கியிருந்தால், வெளி சோலை மட்டும் ஒட்டிவிட்டு உள்ளூர்த் தயாரிப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே இத்தாலியின் பெயர் பொறித்த ஷூவின் தையல் வேலை முழுக்க இன்னொரு நாட்டில் நடந்திருக்கலாம், அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை.

லேபிளில் நாட்டின் பெயர் இருந்தே தீர வேண்டுமா என்பதிலும் நாட்டுக்கு நாடு விதி வேறு:

- அமெரிக்கா: இறக்குமதியாகும் ஷூவில் தயாரித்த நாட்டின் பெயர் கண்ணில் படும்படி, ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். 1930-ம் ஆண்டு சுங்கச் சட்டத்திலிருந்து வரும் விதி இது.
- ஐரோப்பிய ஒன்றியம்: காலணியில் நாட்டின் பெயர் கட்டாயமில்லை. 1994-ல் வந்த விதிப்படி அப்பர், லைனிங், வெளி சோல் மூன்றும் என்ன பொருளால் ஆனவை என்பதைத்தான் படக்குறியாகக் காட்ட வேண்டும். விரித்த தோல் வடிவம் என்றால் தோல், அதற்குள் சிறு சாய்சதுரம் இருந்தால் மேற்பூச்சிட்ட தோல், வலை என்றால் துணி, வெறும் சாய்சதுரம் என்றால் மற்றவை. இந்தப் படங்களுக்கும் நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை.
- இந்தியா: இறக்குமதியான பொட்டலப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும். 2020-ல் வந்த மின்வணிக விதிகள் இணையத்தில் விற்பவரையும் அதைச் சொல்லச் சொல்கின்றன.

இதிலிருந்து ஒரு சின்ன தந்திரம் கிடைக்கிறது. ஐரோப்பியக் கடையின் பக்கத்தில் நாடு இல்லையென்றால், அதே மாடலை விற்கும் அமெரிக்க அல்லது இந்தியத் தளத்தில் தேடிப் பாருங்கள். உறுதியான பதில் கிடைக்காவிட்டாலும் எந்தத் திசையில் சந்தேகப்பட வேண்டும் என்று தெரியும்.

சொந்த நாட்டுத் தயாரிப்பு என்று பெருமையாகப் போடும் வாசகத்தையும் நிதானமாகப் படியுங்கள். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், அமெரிக்கத் தயாரிப்பு என்று தனியாகப் போட வேண்டுமானால் "முழுவதும் அல்லது கிட்டத்தட்ட முழுவதும்" அங்கே ஆகியிருக்க வேண்டும் என்கிறது. நியூ பேலன்ஸ் தன் அமெரிக்க வரிசையில் உள்நாட்டு மதிப்பு 70 சதவீதமோ அதற்கு மேலோ என்று தானே குறிப்பிடுகிறது. ரெட் விங் பூட்ஸ் சிலவற்றில் "இறக்குமதிப் பொருள்கொண்டு அமெரிக்காவில் தயாரித்தது" என்று இருக்கும். முதல் மட்டத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு இவை போதும். இரண்டாவது மட்டத்துக்குப் போனவருக்குப் போதாது.

3. எந்த வகை ஷூ என்பதை வைத்துப் பாதி வேலையை முடியுங்கள்

பிராண்டைத் தேடுவதற்கு முன் வகையைப் பாருங்கள். மலிவான ஸ்னீக்கர், வார்ப்பில் ஊற்றிய பிளாஸ்டிக் செருப்பு, மழைக்கால ரப்பர் பூட்ஸ், குழந்தைகள் நடந்தால் விளக்கு எரியும் ஷூ ஆகியவற்றில் சீனாவைத் தவிர்ப்பது மிகவும் கடினம். குழந்தைகளுக்கு வாங்குபவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும், அதற்காக ஒவ்வொரு முறையும் இவ்வளவு ஆராய்ச்சி நடக்காது.

பெரிய பிராண்டுகளின் ஓட்டப் பயிற்சி ஷூக்கள் நடுத்தரம். வியட்நாமும் இந்தோனேஷியாவும் இவற்றில் முன்னால் இருக்கின்றன, ஆனால் எந்த ஜோடி எங்கே செய்தது என்பது லாட்டரி. அடுத்த படி இதைப் பற்றியதுதான்.

எளிது என்றால் தோல் ஷூ, தோல் பூட்ஸ், சாண்டல். காலணித் தொழிலுக்கென்றே பெயர்போன ஊர்கள் பல நாடுகளில் இருக்கின்றன: போர்ச்சுகலில் ஃபெல்கெய்ராஷ், ஸ்பெயினில் எல்சே, இத்தாலியில் மார்க்கே வட்டாரம், இங்கிலாந்தில் நார்தாம்ப்டன், மெக்சிகோவில் லியோன், பிரேசிலில் நோவோ ஹாம்பர்கோ, இந்தியாவில் ஆம்பூரும் ஆக்ராவும். பிராண்டின் பெயருக்குப் பதிலாக ஊரின் பெயரைப் போட்டுத் தேடினால், விளம்பரத்துக்குக் காசில்லாத நல்ல தயாரிப்பாளர்கள் வெளியே வருவார்கள். கேன்வாஸ் ஷூ வேண்டுமென்றால் ஜப்பானின் குருமே நகரிலிருக்கும் மூன்ஸ்டார் அங்கேயே ரப்பரை வேகவைத்துச் செய்கிறது. பிர்கன்ஸ்டாக் சாண்டல்களில் பெரும்பாலானவை ஜெர்மனியில் தயாராகின்றன.

ஒரே பிராண்டுக்குள் இரண்டு உலகம் இருப்பதையும் கவனியுங்கள். டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸின் பெரும்பகுதி ஆசியாவில் தயாராகிறது. "மேட் இன் இங்லண்ட்" என்று தனியாகப் பெயரிட்ட வரிசை மட்டும் நார்தாம்ப்டன்ஷயரின் வொல்லாஸ்டன் ஆலையிலிருந்து வருகிறது. பிராண்டின் தளத்தில் நாட்டின் பெயரோடு தனி வரிசை இருந்தால், அந்த வரிசைக்கு வெளியே உள்ளது எல்லாம் வேறெங்கோ செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

4. பிராண்டின் ஆலைப் பட்டியலைத் தேடுங்கள்

பெரிய பிராண்டுகள் பலவும் தங்களுக்குச் சரக்கு செய்து தரும் ஆலைகளின் பட்டியலை வெளியிடுகின்றன. நைக், அடிடாஸ், பூமா மூன்றுக்கும் உண்டு. விற்பனைப் பக்கத்தில் இருக்காது. தளத்தின் அடியில் நிறுவனம் பற்றிய பகுதியில், நிலைத்தன்மை அல்லது சப்ளையர் என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். தேட அலுப்பாக இருந்தால் ஓப்பன் சப்ளை ஹப் என்ற இலவசத் தளம் இருக்கிறது. பிராண்டின் பெயரையோ நாட்டின் பெயரையோ போட்டால் ஆலைகள் வரைபடத்தோடு வரும்.

பட்டியலைப் படிக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஆலை செய்வது காலணியா, துணியா? பல பிராண்டுகளுக்குச் சீனாவில் இருப்பது சட்டை ஆலையாக இருக்கும், அதைப் பார்த்து ஷூவை ஒதுக்கிவிட வேண்டாம். அடுத்து, டியர் 1 என்று இருந்தால் இறுதி வடிவம் கொடுக்கும் ஆலை, டியர் 2 என்றால் பொருள் தரும் ஆலை. மூன்றாவது, பட்டியலின் தேதி. ஆர்டர்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேகமாக நகர்கிற காலம் இது. இரண்டு வருடம் பழைய பட்டியலை நம்பாதீர்கள்.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் அதன் ஆண்டறிக்கையையும் புரட்டலாம். நைக் தன் 2024 நிதியாண்டு அறிக்கையில், நைக் பிராண்டுக் காலணிகளில் ஏறத்தாழ 50 சதவீதம் வியட்நாமிலும் 27 சதவீதம் இந்தோனேஷியாவிலும் 18 சதவீதம் சீனாவிலும் தயாரானதாகச் சொல்கிறது. அதாவது கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஜோடியை எடுத்தால் சீனாவில் செய்ததாக இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஆறில் ஒன்றுக்கு நெருக்கமான வாய்ப்பு எதிர்ப்பக்கம் இருக்கிறது. நீங்கள் வாங்குவது சராசரியை அல்லவே, ஒரு ஜோடியைத்தானே.

டென்மார்க்கின் எக்கோ வேறு மாதிரி. சொந்த ஆலைகளே வைத்திருக்கிறது, ஆனால் அவை போர்ச்சுகல், ஸ்லோவாக்கியா, தாய்லாந்து, இந்தோனேஷியா, வியட்நாம், சீனா என்று பரவியிருக்கின்றன. சொந்த ஆலை என்ற விளம்பரத்தை வைத்து நாட்டை ஊகிக்கக் கூடாது.

பட்டியலே வெளியிடாத பிராண்டை நான் நேராக "தெரியாது" என்ற கட்டத்தில் போட்டுவிடுவேன்.

5. ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன் எழுதிக் கேளுங்கள்

பாதிப் பேர் தடுமாறும் இடம் இது. இணையப் பக்கத்தில் "இம்போர்ட்டட்" என்ற ஒரே சொல்லோடு விட்டுவிடுவார்கள். அல்லது பழைய பேட்ச்சுக்கு எழுதிய விவரம் இன்னும் மாறாமல் கிடக்கும். ஒரே மாடலில் கறுப்பு ஒரு நாட்டிலும் வெள்ளை இன்னொரு நாட்டிலும் ஆகியிருக்கும். ஒரே நிறத்தில் அளவு மாறினால் நாடு மாறுவதும் உண்டு. அதனால் "இந்த மாடல் எங்கே தயாராகிறது?" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. இப்படிக் கேளுங்கள்:

"ஆர்ட்டிக்கிள் எண் (மாடலுக்கான எண்) இது, நிறம் இது, அளவு இது. இப்போது உங்கள் கிடங்கில் இருக்கும் ஜோடியின் லேபிளில் எந்த நாட்டின் பெயர் அச்சாகியிருக்கிறது? பெட்டியைத் திறந்து பார்த்து, லேபிளின் படத்தை அனுப்ப முடியுமா? வேறு நாடு வந்தால் உங்கள் செலவில் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்கு எழுத்தில் ஆம் என்று வந்துவிட்டால், பிறகு வேறு நாட்டு ஜோடி வந்தாலும் அது நீங்கள் மனம் மாறித் திருப்புவதாக ஆகாது, விற்பவர் சொன்னதற்கு மாறாக அனுப்பியதாக ஆகும். திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் விழும் என்பது இதில்தான் தீர்கிறது.

தொலைபேசியில் கேட்காதீர்கள். மின்னஞ்சலோ சாட்டோ போதும். சாட் என்றால் மூடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பல தளங்களில் சாளரத்தை மூடியதும் உரையாடல் போய்விடும். கிடங்கு வேறு ஊரில் இருந்தால் பதில் வர ஓரிரு வேலை நாள் ஆகலாம். அவசரமாக நாளைக்கே ஷூ வேண்டும் என்கிற நிலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தள்ளுபடி நாட்களில் தொடங்கவே வேண்டாம். அப்போது யாரும் பெட்டியைத் திறந்து பார்க்க மாட்டார்கள், தள்ளுபடிச் சரக்கைத் திருப்பி எடுக்கவும் சில கடைகள் மறுக்கும்.

வரும் பதில்கள் மூன்று வகை. படத்தோடு வந்தால் வாங்குங்கள். "பேட்ச்சைப் பொறுத்து மாறும்" என்று வந்தால் அது நேர்மையான பதில், வாங்குவதும் விடுவதும் உங்கள் துணிச்சல். "உலகெங்கும் உள்ள எங்கள் நம்பிக்கைக்குரிய பங்காளிகள் உயர்ந்த தரத்தில்..." என்று ஒரு பத்தி வந்தால், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். இரண்டாம் முறை கேட்டாலும் அதே பத்திதான் வரும்.

ஐரோப்பியப் பெயரோடு, அரங்கமைத்து எடுத்த அழகான படங்களோடு, "குடும்பக் கடையை மூடுகிறோம், கடைசித் தள்ளுபடி" என்று சமூக வலைத்தளத்தில் கண்ணில் படும் கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவற்றில் பலவற்றுக்குச் சொந்தமாகச் சரக்கே கிடையாது. நீங்கள் ஆர்டர் போட்ட பிறகு சீனாவிலிருந்து நேரே உங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: அனுப்ப ஆகும் காலத்தைப் பாருங்கள், ரிட்டர்ன் விதியில் முகவரியைப் பாருங்கள். பக்கத்து ஊர்க் கடை போலப் பேசிவிட்டு மூன்று வாரம் ஆகும் என்றாலோ, திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி சீனாவில் இருந்தாலோ, முகவரியே இல்லாமல் "எங்களைத் தொடர்புகொண்டால் சொல்வோம்" என்றிருந்தாலோ ஒதுங்கிவிடுங்கள்.

போலிச் சரக்கும் இதே ரகம்தான். சீனாவின் புதியான் நகரம் போலி ஸ்னீக்கருக்குப் பேர்போனது. போலி செய்பவர் லேபிளையும் சேர்த்துத்தான் நகலெடுப்பார், அசலில் வியட்நாம் என்றிருந்தால் போலியிலும் வியட்நாம் என்றே இருக்கும். பிராண்டின் சொந்தத் தளம், அல்லது பிராண்டே தன் விற்பனையாளர் என்று பட்டியலிடும் கடை, இந்த இரண்டைத் தாண்டினால் லேபிளுக்கு மதிப்பில்லை.

6. கடையில் நேரில் பார்க்கும்போது

நேரில் போவதுதான் என்றைக்கும் நல்லது. காட்சிக்கு வைத்த ஜோடியில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். உள்ளேயிருந்து எடுத்து வரும் உங்கள் அளவு ஜோடியில் பாருங்கள், இரண்டு காலிலும் பாருங்கள்.

லேபிள் இருக்கும் இடங்கள்: ஸ்னீக்கரில் நாக்கின் (லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை) உட்புறம், அளவு அச்சிட்ட சின்னத் துணிப்பட்டையிலேயே நாடும் இருக்கும். அங்கே இல்லையென்றால் உள் பக்கவாட்டுச் சுவரில், நடுப்பகுதியில் தடவிப் பாருங்கள். பூட்ஸில் கணுக்கால் குழாயின் உள்பக்க மேல் விளிம்பு. தோல் ஷூவில் இன்சோலில் பொன்னெழுத்தாகவோ வெளி சோலின் வளைவிலோ. சாண்டலில் அடிப்பகுதி. எங்குமே இல்லையென்றால் பெட்டியின் ஓரத்து ஸ்டிக்கர். எழுத்து மிகப் பொடியாக இருக்கும், கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பதுதான் கண்ணுக்கு நல்லது.

பெட்டியும் ஷூவும் சொல்வது வேறாக இருந்தால் ஷூவை நம்புங்கள். கடைகளில் பெட்டி மாறிப்போவது சகஜம்.

இங்கே விழும் பொறிகள் சில. பார்கோடின் முதல் மூன்று எண்ணை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் காலங்காலமாகச் சுற்றும் செய்தி தவறு. 690 முதல் 699 வரை சீனா, 890 இந்தியா என்பதெல்லாம் அந்த நிறுவனம் எந்த நாட்டு அமைப்பில் எண் வாங்கிப் பதிந்தது என்பதைத்தான் காட்டும். ஷூ எங்கே தைக்கப்பட்டது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜெர்மன் நிறுவனம் சீனாவில் செய்த ஷூவில் ஜெர்மன் எண் இருக்கும்.

"பிஆர்சி" என்று மூன்றெழுத்து மட்டும் அச்சிட்டிருந்தால் அது சீன மக்கள் குடியரசு, வேறொன்றுமில்லை. "டிசைன்ட் இன்", "டெவலப்ட் இன்", "ஸ்டைல்" என்ற சொற்களுக்குப் பக்கத்தில் வரும் நாட்டுக்கு உங்கள் கணக்கில் பூஜ்யம். நாக்கில் கொடிப் படம் தைத்திருப்பதும் அலங்காரம்தான். வெளி சோலில் ஓர் இத்தாலிய நிறுவனத்தின் பெயரும் இத்தாலி என்ற சொல்லும் பொறித்திருந்தால் அது சோலுக்கு மட்டும் உரியது, முழு ஷூவுக்கும் நீட்டிக்க முடியாது.

7. செலவுக் கணக்கு

ஆசியாவில் செய்ததையும் பிராண்டின் தாய்நாட்டில் செய்ததையும் ஒரே பிராண்டுக்குள் ஒப்பிட்டால், பின்னது ஏறத்தாழ இரட்டிப்பு விலை என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். வியட்நாம், இந்தோனேஷியா, இந்தியா என்று மாறுவதற்குக் கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே பணம் குறைவென்றால் உங்கள் வழி விளையாட்டு பிராண்டுகளின் வியட்நாம் ஜோடிகள், அல்லது இந்தியத் தோல் ஷூக்கள். பணம் கொஞ்சம் போடலாம் என்றால் சோல் மாற்றக்கூடிய, வெல்ட் தையல் (அப்பரையும் சோலையும் ஒரு பட்டை வழியாகச் சேர்க்கும் தையல்) போட்ட தோல் ஷூ. தேய்ந்த பிறகு சோலை மட்டும் மாற்றிக்கொண்டால், இந்தத் தேடல் முழுவதையும் மறுபடி செய்யாமல் பல வருடம் ஓட்டலாம். எனக்கு அதுவே பெரிய லாபமாகத் தெரிகிறது.

வெளிநாட்டுக் கடையிலிருந்து வரவழைப்பவர்கள் சுங்க வரியில் ஏமாறுகிறார்கள். வரி, கடை இருக்கும் நாட்டைப் பார்த்து வருவதில்லை, ஷூ தயாரான நாட்டைப் பார்த்து வருகிறது. பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறது என்று நம்பி லண்டன் கடையில் ஆர்டர் போட்டால், அந்த ஷூ சீனாவில் செய்ததாக இருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரி தோல் அப்பர் ஷூவுக்குப் பெரும்பாலும் 8 சதவீதம், ரப்பர், பிளாஸ்டிக், துணி வகைகளுக்கு 17 சதவீதத்தை ஒட்டி வரும். அமெரிக்காவில் சில துணி ஷூக்களுக்கு அடிப்படை வரியே 37.5 சதவீதம் வரை போகும். அங்கே 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு இருந்த விலக்கும் 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. இதற்கு மேல் உள்நாட்டு விற்பனை வரி, கூரியர்காரர் வாங்கும் கையாளும் கட்டணம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

8. அளவு

பழகிய பிராண்டை விட்டு வருகிறீர்கள் என்பதால் பழகிய எண்ணையும் விட்டுவிட வேண்டும். மாலை நேரத்தில், கால் சற்று உப்பியிருக்கும்போது, காகிதத்தில் நின்று குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை மில்லிமீட்டரில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும். ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் 6.67 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் அளவில் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். அதனால் மாற்று அட்டவணைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. விற்பவரிடம் உள் நீளத்தைக் கேட்டு ஒப்பிடுவதே மேல்.

9. பெட்டி வந்ததும்

போட்டுப் பார்ப்பதற்கு முன் லேபிளைப் பாருங்கள். எழுதிக் கேட்டு வாங்கிய நாடுதானா? ஆம் என்றால் லேபிளையும் பெட்டி ஸ்டிக்கரையும் படம் எடுத்து, பில்லோடு ஒரே இடத்தில் வையுங்கள். ஆர்ட்டிக்கிள் எண்ணும் தயாரித்த மாதமும் இருந்தால் அடுத்த முறை கேள்வி கேட்க உதவும். அதே மாடலை அடுத்த வருடம் வாங்கும்போது ஐந்தாவது படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், போன முறை இருந்த நாடு இந்த முறையும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வேறு நாடு வந்திருந்தால் வீட்டுக்குள்ளே கம்பளத்தில்கூட நடக்க வேண்டாம். சோலில் கோடு விழுந்தால் அணிந்த ஷூ என்று சொல்லி ஏற்க மறுத்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் திருப்ப 14 நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. திருப்பும் செலவு உங்களுடையதாக இருக்கலாம், அதனால் விற்பவரின் எழுத்துப் பதிலை இணைத்து, சொன்னதற்கு மாறான சரக்கு என்றே எழுதுங்கள். உங்கள் காலுக்கென்று அளவெடுத்துச் செய்த ஷூவுக்கு இந்த 14 நாள் கிடையாது. அதற்கு முன்பணம் கட்டும் முன்பே அப்பர் எங்கே தைக்கப்படுகிறது என்று கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்ததைத் திருப்பும்போது சுங்கப் படிவத்தில் "திரும்பப் போகும் சரக்கு" என்று குறித்து, நீங்கள் வரி கட்டிய ரசீதின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய வரியைக் கடை திருப்பித் தராது, அதற்குச் சுங்கத் துறையிடமோ கூரியர் நிறுவனத்திடமோ தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே முதலில் கேட்பது அந்த ரசீதையும், சரக்கு நாட்டை விட்டு வெளியேறியதைக் காட்டும் கண்காணிப்பு எண்ணையும்தான்.